ஊதிக் காட்டு! – வேலையிடத்தில் போதைப் பரிசோதனை வந்த கதை

போதைப் பரிசோதனை என்றதும் பலருக்கு ஒலிம்பிக் போட்டியும் அதில் மாட்டிக்கொண்ட ஓட்டப்பந்தய வீரர்களும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் நம் நாட்டில் தினம் தினம் இந்தப் பரிசோதனைக்கு நிற்பவர்கள் வேறு ஆட்கள். ரயில் ஓட்டுபவர், பஸ் ஓட்டுபவர், விமானம் ஓட்டுபவர். டூட்டியில் ஏறுவதற்கு முன்னால் ஒரு சின்னக் குழாயில் ஊத வேண்டும். கருவியில் பூஜ்யம் வந்தால் வேலை. வேறு எண் வந்தால்?

2025 பிப்ரவரியில் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில் ஒரு விசித்திரமான உத்தரவு வந்தது. ரயில் ஓட்டுநர்கள் டூட்டிக்கு வருவதற்கு முன்னால் இளநீர், சில வகை வாழைப்பழம், குளிர்பானம், இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம் இதையெல்லாம் தொடக்கூடாது என்றது அந்த உத்தரவு. ஊதும் கருவி சில ஓட்டுநர்களுக்கு மது இருப்பதாகக் காட்டியது, இரத்தத்தை எடுத்து லேபில் பார்த்தால் ஒன்றும் இல்லை. அதற்குத்தான் இந்தத் தடை. கருவியைச் சந்தேகப்பட வேண்டிய இடத்தில் இளநீரைச் சந்தேகப்பட்டுவிட்டார்கள்! ஊரே சிரித்தது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

அதே வருடம் ஜூலையில் இன்னொன்று. கேரள அரசு போக்குவரத்துக் கழகத்தின் பந்தளம் பணிமனையில் காலையில் ஊதிய டிரைவர்கள் சிலர் 'குடித்திருப்பதாக' கருவி சொன்னது. யாரும் குடிக்கவில்லை. நன்றாகப் பழுத்த பலாப்பழம் தின்றிருந்தார்கள். கடைசியில் எப்படி நிரூபித்தார்கள் தெரியுமா? பழம் தின்னாத ஒருவரை ஊதச் சொன்னார்கள், பூஜ்யம். அவருக்கு நாலு சுளை கொடுத்து மறுபடி ஊதச் சொன்னார்கள், எண் ஏறிவிட்டது. பண்ருட்டிப் பலா சீசனில் இதே கருவியை நம் பக்கத்து பஸ் ஸ்டாண்டில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள் :-)

சிரிப்புச் செய்திகள்தான். ஆனால் அந்தக் காலையில் கருவி முன்னால் நின்ற டிரைவருக்கு அது சிரிப்பு இல்லை. சக ஊழியர்கள் பார்க்க, மேலதிகாரி பார்க்க, அவர் குடிகாரர் ஆகிவிட்டார். 'நான் குடிக்கவில்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. போதைப் பரிசோதனையின் வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டினால் திரும்பத் திரும்ப வருவது இந்த இடம்தான். பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையை விட, எப்படிச் செய்வது, யார் முன்னால் செய்வது, ரிசல்ட் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் தொழிலாளியின் மானமும் வேலையும் தொங்கியிருக்கின்றன.

முதல் கருவி மூக்கு. ஆலை கேட்டில் நிற்கும் காவலாளி, மேஸ்திரி, சூப்பர்வைசர் இவர்கள் மூக்குதான் பல காலம் தீர்ப்பு சொன்னது. இந்தியாவில் 1946ஆம் ஆண்டு தொழில் வேலைவாய்ப்பு நிலையாணைகள் சட்டம் வந்தபோது, ஒவ்வொரு பெரிய தொழிற்சாலையும் எதெல்லாம் தவறான நடத்தை என்று எழுதி வைத்து, அரசாங்க அதிகாரியிடம் சான்று வாங்க வேண்டும் என்று ஆனது. (காமர்ஸ் மாணவர்களுக்குத் தொழிற்சட்டப் பாடத்தில் இது வரும், பெரும்பாலும் ஐந்து மார்க் கேள்வியாக மட்டும்!) பல ஆலைகளின் நிலையாணைகளில் வேலை நேரத்தில் குடிபோதையில் இருப்பது அந்தப் பட்டியலில் இடம்பிடித்தது. ஆனால் போதையில் இருக்கிறார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதி வைக்கவில்லை. தள்ளாடினாரா, வாடை வந்ததா, அவ்வளவுதான்.

இந்த மூக்குச் சாட்சியம் எவ்வளவு பலவீனமானது என்பதை உச்ச நீதிமன்றம் 1971இல் ஒரு வழக்கில் சொன்னது. பச்சுபாய் ஹசன்அலி கர்யானி எதிர் மகாராஷ்டிர அரசு என்பது அந்த வழக்கு. பம்பாயில் ஒரு கார் விபத்து. ஓட்டியவர் மது அருந்தியிருந்தார் என்று மதுவிலக்குச் சட்டத்தின் கீழும் குற்றச்சாட்டு. டாக்டர் சொன்ன ஆதாரம் என்னவென்றால் வாயில் வாடை வந்தது, நடை தள்ளாடியது, கண்மணி விரிந்திருந்தது. சிறுநீர்ப் பரிசோதனை செய்யவில்லை. இரத்தப் பரிசோதனையின் முடிவும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. இதை வைத்து மட்டும் ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது தொழிலாளி வழக்கு இல்லைதான். ஆனாலும் வேலையிட விசாரணைகளில் வாடையை மட்டும் வைத்து டிஸ்மிஸ் செய்யப்பட்டவர்கள் பிற்காலத்தில் கையில் எடுத்த ஆயுதங்களில் இந்தத் தீர்ப்பும் ஒன்று.

மூக்கை ஓரங்கட்டிவிட்டு எண் வந்தது. 1954இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலப் போலீசில் இருந்த ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் கையில் தூக்கிப் போகக்கூடிய பிரெத்தலைசரை உருவாக்கினார். நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றில் உள்ள மதுவுக்கும் இரத்தத்தில் உள்ள மதுவுக்கும் ஒரு விகிதம் இருக்கிறது, அதை வைத்துத்தான் கணக்கு. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம் என்கிறது.

இதில் ஒரு பொடி விஷயம் இருக்கிறது. பலாச்சுளையோ இருமல் மருந்தோ வாயில் விட்டுப்போகும் மது நுரையீரலிலிருந்து வருவது இல்லை. வாயிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது. கால் மணி நேரம் விட்டால், வாயைக் கொப்பளித்தால் போய்விடும். அதனால்தான் ஒழுங்கான பரிசோதனை என்றால் இடைவெளி விட்டு இரண்டாம் முறை ஊத வைக்க வேண்டும். முந்தைய ஆளின் மூச்சு குழாயில் தங்கியிருக்கலாம் என்பதால், ஊதுவதற்கு முன்னால் கருவி வெறும் காற்றில் பூஜ்யம் காட்ட வேண்டும். இந்த வெற்றுப் பரிசோதனை இல்லாத ரிசல்ட்டை நம்ப முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025இல் ஒரு வாகன ஓட்டியின் வழக்கில் சொன்னது. அதாவது எண் வந்துவிட்டால் மட்டும் போதாது. எண் வந்த வழியும் சுத்தமாக இருக்க வேண்டும்.

மூச்சைப் பொறுத்தவரை ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூச்சில் மது இருந்தால் அது இப்போது குடித்திருக்கிறார் என்பதைக் காட்டும். சில மணி நேரத்தில் மறைந்துவிடும். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் பஸ்ஸை ஓட்டப்போகிறவரிடம் 'இப்போது குடித்திருக்கிறீர்களா' என்று கேட்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் அடுத்து வந்த கருவி கேட்ட கேள்வியே வேறு.

அது சிறுநீர். அது பெரிய அளவில் ஆரம்பித்த இடம் தொழிற்சாலை இல்லை, வியட்நாம் யுத்தம். அங்கே அமெரிக்கச் சிப்பாய்கள் ஹெராயினுக்கு அடிமையாகிறார்கள் என்று அமெரிக்காவில் பெரிய கூச்சல். 1971இல் அதிபர் நிக்சன் ஒரு உத்தரவு போட்டார். ஊர் திரும்பும் ஒவ்வொரு சிப்பாயும் சிறுநீர் கொடுக்க வேண்டும், தேறினால்தான் விமானம் ஏறலாம். 'ஆபரேஷன் கோல்டன் ஃப்ளோ' என்று அதற்கு ஒரு பெயர் (பொன்னிற ஓட்டம்! ராணுவத்தாரின் நகைச்சுவை). ஒரே நாளில் ஏராளமான மாதிரிகளைச் சோதிக்கிற கருவிகள் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்தன. யுத்தம் முடிந்தது, கருவிகள் முடியவில்லை.

பத்து வருடம் கழித்து, 1981 மே 26 அன்று, நிமிட்ஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு விமானம் மோதி 14 பேர் இறந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் இறந்த தளப் பணியாளர்கள் சிலர் உடம்பில் கஞ்சாவின் சுவடு இருந்தது. பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. கடற்படை முழுக்கக் கட்டாயப் பரிசோதனை வந்தது. விமானத்தை ஓட்டியவர் உடம்பில் இருந்ததோ கஞ்சா இல்லை, அளவுக்கு மீறிய ஒரு சளி மருந்து. அதைப் பற்றி இவ்வளவு கூச்சல் இல்லை.

1986 செப்டம்பர் 15 அன்று அதிபர் ரேகன் மத்திய அரசு அலுவலகங்கள் எல்லாம் போதை இல்லாத வேலையிடங்களாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். அடுத்த ஜனவரியில், மேரிலாந்து மாநிலத்தில் சேஸ் என்ற இடத்தில் பயணிகள் ரயில் ஒன்று சரக்கு எஞ்சின்களோடு மோதி 16 பேர் இறந்தார்கள். சரக்கு எஞ்சின் ஆட்கள் கஞ்சா புகைத்திருந்தார்கள். இதற்குப் பிறகு பரிசோதனையை எதிர்த்துப் பேசுவது கஷ்டமாகிவிட்டது.

எதிர்த்தவர்கள் இருந்தார்கள். ரயில்வே தொழிற்சங்கமும் சுங்கத்துறை ஊழியர் சங்கமும் தனித்தனியாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1989 மார்ச் 21 அன்று ஒரே நாளில் இரண்டு தீர்ப்பும் வந்தன. ரயில்வே வழக்கில் ஏழு நீதிபதிகள் பரிசோதனை சரி என்றார்கள், இரண்டு பேர் மறுத்தார்கள். சுங்கத்துறை வழக்கில் ஐந்துக்கு நான்கு. இந்த இரண்டாவது வழக்கில் நடந்ததுதான் சுவாரசியம். ரயில்வே வழக்கில் பரிசோதனையை ஆதரித்த நீதிபதி ஸ்காலியா இதில் எதிர்ப்பக்கம் போய்விட்டார். (அவர் பெரிய முற்போக்குவாதி எல்லாம் இல்லை, பழமைவாதிகளின் செல்லப்பிள்ளை.) அவர் வாதம் எளிமையானது. ரயிலில் விபத்து நடந்திருக்கிறது, ஆதாரம் இருக்கிறது. சுங்கத்துறையில் என்ன ஆதாரம்? 3,600 பேரைச் சோதித்ததில் ஐந்தே பேர்தான் மாட்டியிருக்கிறார்கள். அரசாங்கம் போதைக்கு எதிரானது என்று ஊருக்குக் காட்டுவதற்காக ஊழியர்களின் கௌரவத்தைப் பலி கொடுக்கக்கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். காட்சிக்காகச் செய்யும் பரிசோதனைக்கும் பாதுகாப்புக்காகச் செய்யும் பரிசோதனைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்வது சிரமம்.

தோற்றாலும் அந்தச் சண்டைகள் வீண்போகவில்லை. அங்கே பரிசோதனையோடு கூடவே ஒரு நடைமுறையும் வளர்ந்தது. 1988இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்கள், மாதிரி பாத்திரத்தில் விழுந்ததிலிருந்து லேப் மேஜைக்குப் போகும்வரை யார் கையில் இருந்தது என்பதற்கு எழுத்துக் கணக்கு வேண்டும் என்றன. முதல் சோதனையில் மாட்டினால் வேறு முறையில் உறுதிச் சோதனை. அதிலும் மாட்டினால் ரிசல்ட் நேராக முதலாளிக்குப் போகாது. முதலில் ஒரு டாக்டர் அந்த ஊழியரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். வேறு காரணம் உண்டா, டாக்டர் சீட்டில் எழுதிய மருந்தா என்று கேட்க வேண்டும். 1991இல் வந்த போக்குவரத்து ஊழியர் சட்டம் மாதிரியை இரண்டாகப் பிரித்து வைக்கச் சொன்னது. ஊழியர் கேட்டால் இரண்டாவது பாதியை வேறு லேபுக்கு அனுப்ப வேண்டும்.

டாக்டர் எதற்கு என்று கேட்பவர்கள் வீட்டுச் சமையலறையில் தேடலாம். குருமாவில் அரைத்துப் போடும் கசகசா, அபின் செடியின் விதைதான். அதை நிறையத் தின்றவர் சிறுநீரில் மார்ஃபின் தெரியும். அமெரிக்கர்கள் கசகசா தூவிய ரொட்டி தின்றே மாட்டினார்கள். பல பேர் வேலை இழந்த பிறகு, 1998இல் அபின் வகைகளுக்கான எல்லையை ஒரு மில்லிக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000க்கு உயர்த்தினார்கள். (துபாய், அபுதாபி போகிறவர்கள் பெட்டியில் கசகசா இருக்கக்கூடாது என்பதற்கும் அபின் செடிதான் காரணம். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள்.)

கஞ்சா விஷயம் இன்னும் சிக்கல். மது மாதிரி அது சில மணி நேரத்தில் போவது இல்லை. எப்போதாவது எடுத்தவர் சிறுநீரில் சில நாட்கள், தொடர்ந்து எடுப்பவர் சிறுநீரில் சில வாரங்கள்கூட அதன் சுவடு இருக்கும். அதனால் சிறுநீர்ச் சோதனை 'இவர் இப்போது போதையில் இருக்கிறாரா' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது. 'போன வாரம் வீட்டில் என்ன செய்தார்' என்பதற்குத்தான் பதில் சொல்லும். வட இந்தியாவில் இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாச் செடியின் பூந்தலையும் பிசினும்தான் குற்றம். தனி இலையும் விதையும் அந்த விளக்கத்துக்குள் வராது. அதனால்தான் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு லைசென்ஸோடு பாங்கு கடைகள் நடக்கின்றன. ஹோலிக்குச் சட்டப்படி பாங்கு குடித்த ஒருவர் சில நாள் கழித்துச் சிறுநீர் கொடுத்தால், கருவிக்கு அவரும் கஞ்சா அடித்தவரும் ஒன்றுதான்.

சரி, நம் நாட்டுக் கதைக்கு வருவோம். இங்கே ஊழியரின் உடம்புக்குள் முதலாளி எவ்வளவு தூரம் எட்டிப் பார்க்கலாம் என்ற சண்டை போதையை வைத்துப் பெரிதாக நடக்கவில்லை. கர்ப்பத்தை வைத்தும் எச்.ஐ.வி.யை வைத்தும் நடந்தது.

நீரா மாத்தூர் என்ற பெண் 1989இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் தகுதிகாண் பருவத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கழகத்தின் டாக்டரே பரிசோதித்துத் தகுதி என்று சான்று கொடுத்தார். பிரசவ விடுப்பில் போனார். 1990 பிப்ரவரியில் வேலை போய்விட்டது. சேரும்போது நிரப்பிய படிவத்தில் கடைசி மாதவிலக்குத் தேதியைத் தவறாகச் சொல்லிவிட்டார் என்று கழகம் நீதிமன்றத்தில் வாதாடியது. ஆமாம், ஒரு குமாஸ்தா வேலைக்கான படிவத்தில் மாதவிலக்குத் தேதி, எத்தனை முறை கர்ப்பம், கருக்கலைப்பு உண்டா என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன! 1991 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கட்டங்கள் மானக்கேடானவை, எடுத்துவிடுங்கள் என்றது. வேலைக்குச் சம்பந்தமில்லாததை வேலை கொடுப்பவர் கேட்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் உள்ளே இருக்கிற விஷயம்.

எச்.ஐ.வி. கதை சென்னையில் ஆரம்பிக்கிறது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும்தான் இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தார்கள். பெண்கள் காப்பகத்தில் இருந்தவர்களிடம் எடுத்த இரத்த மாதிரிகளை நிர்மலா வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். அதற்குப் பிறகு நாடு முழுக்கப் பயம். வேலைக்கு எடுக்கும்போதே இரத்தம் எடுத்துப் பார்ப்பது சத்தமில்லாமல் நுழைந்தது. பம்பாயில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தவர், நிரந்தரம் ஆக்குவதற்கு முன் நடந்த மருத்துவப் பரிசோதனையில் மாட்டினார். உடம்பு வேலைக்குத் தகுதியாகத்தான் இருந்தது, ஆனால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். வேலை செய்ய முடிகிறவரை, பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்து இல்லாதவரை, வைரஸைக் காரணம் காட்டி வேலையை மறுக்க முடியாது என்று 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்த வழக்கில் அவர் பெயர் எம்.எக்ஸ். மட்டும்தான். நிறுவனம் இசட்.ஒய். வழக்குப் போட்டால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தை நீதிமன்றம் இரண்டு எழுத்தில் தீர்த்து வைத்தது.

இந்தப் பாதை முழுசாகப் போய்ச் சேர 2017 ஆனது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த வருடம் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்தது. வேலைக்கு நிபந்தனையாகப் பரிசோதனை கேட்கக் கூடாது, ஒப்புதல் வாங்காமல் சோதிக்கக் கூடாது, ரிசல்ட்டை வெளியே சொல்லக் கூடாது என்று வெளிப்படையாக எழுதிய சட்டம். 2017 ஆகஸ்ட் 24 அன்றுதான் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள்.

போதைப் பரிசோதனைக்கு இப்படி ஒரு பொதுச் சட்டம் வரவில்லை. ஒரே ஒரு துறையில் மட்டும் நடைமுறை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அது விமானத்துறை. மதுவுக்கு அங்கே பழைய விதிகள் உண்டு. பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் குடிக்கக் கூடாது. ஊதும்போது மாட்டினால் வாய் கொப்பளித்துவிட்டு இரண்டாம் முறை ஊதலாம், அதற்கு முன்னால் கருவி சரியா என்று சோதனை செய்பவரே ஊதிக் காட்ட வேண்டும். (பந்தளத்தில் பலாச்சுளை கொடுத்துச் செய்ததை இங்கே விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்!) கஞ்சா, கொகெய்ன், அபின் வகைகள், ஆம்ஃபெட்டமின், தூக்க மாத்திரை வகைகள் இவற்றுக்கான விதிகளை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2021இல் வெளியிட்டது. 2022 ஜனவரி 31 முதல் அமல். விமானிகளிலும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களிலும் வருடத்துக்குக் குறைந்தது 10 சதவீதம் பேரைக் குலுக்கல் முறையில் சோதிக்க வேண்டும். முதல் சோதனையில் மாட்டியவரை 'பாசிட்டிவ்' என்று சொல்வதில்லை, 'நெகட்டிவ் அல்லாதது' என்றுதான் எழுத வேண்டும். கேட்க விளையாட்டாக இருக்கும். ஆனால் உறுதிச் சோதனை வரும்வரை ஒருவரைக் குற்றவாளி ஆக்காமல் வைத்திருப்பது அந்த இரண்டு சொல்தான். அதுவரை வேலையிலிருந்து ஒதுக்கி வைப்பார்கள், அவ்வளவே. உறுதியானாலும் முதல் முறை என்றால் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். திரும்பவும் மாட்டினால்தான் லைசென்ஸுக்கு ஆபத்து.

1996இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட நடத்தை விதித் தொகுப்பும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. குடி, போதைப் பிரச்சினையை உடல்நலப் பிரச்சினையாகப் பார், ரகசியமாக வை, முதலில் சிகிச்சை, பிறகு தண்டனை. அது கட்டாயச் சட்டம் இல்லை, வழிகாட்டி மட்டுமே.

இப்போது புதுச்சேரிப் பக்கம் வாருங்கள். காட்டேரிக்குப்பம் மாதிரி கிராமத்துப் பையன்களுக்கு ஏர்லைன்ஸ் வேலை எட்டாத தூரம். எட்டும் தூரத்தில் இருப்பது சேதராப்பட்டும் திருபுவனையும். அங்கே தொழிற்பேட்டைகளில் பிரஸ் மெஷின், பாய்லர், ஃபோர்க்லிஃப்ட் என்று கையோ காலோ போகக்கூடிய வேலைகள் உண்டு. போதையில் ஒருவர் பிரஸ் மெஷினில் நின்றால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்துதான், அதில் சந்தேகம் இல்லை. தமிழ்நாட்டில் சாராயக் கடைகள் எப்போதோ மூடப்பட்டுவிட்டன. புதுச்சேரியில் சாராயமும் கள்ளும் இன்றும் ஏலம் எடுத்துச் சட்டப்படி விற்கிற சரக்கு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதைக் குடிப்பது யாருடைய குற்றமும் இல்லை. திங்கட்கிழமை காலை ஷிப்ட்டுக்கு நிதானத்தோடு வரவேண்டும் என்பதுதான் நிபந்தனை. 'நேற்றைக் குடித்தாயா', 'இன்றைக்குப் போதையில் இருக்கிறாயா' என்ற இரண்டு கேள்விக்கும் இடையில் உள்ள வித்தியாசம் இங்கே சோற்றுப் பிரச்சினை.

அந்த வித்தியாசத்தை எழுதி வைக்க வேண்டிய இடம் நிலையாணை. 1946 சட்டத்தில் 100 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடங்களுக்கு அது கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பில் அந்த எண் 300 ஆகிவிட்டது. தொழிற்பேட்டையில் உள்ள சிறு யூனிட்டுகள் இந்தக் கணக்கிலேயே வராது. அங்கே ஊதும் கருவி வாங்க யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கருவியை எப்போது சரிபார்த்தார்கள், இரண்டாம் முறை ஊத விட்டார்களா, எண்ணை எந்த நோட்டில் எழுதினார்கள் என்று கேட்கவும் ஆள் இல்லை.

ஆலை முதலாளிகள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. விபத்து நடந்தால் நஷ்டஈடு கொடுப்பவர் அவர்தான், போலீஸ் ஸ்டேஷன் ஏறுபவரும் அவர்தான். கேட்டில் ஒரு கருவி வைப்பது அவருக்கு மலிவான இன்சூரன்ஸ். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்தப் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறது. அதன் 7ஆம் பிரிவில், வேலை சம்பந்தமான நோக்கங்களுக்கும் முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பாற்றவும் ஊழியரின் தகவலை அவர் சம்மதம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கிறது. 2011இல் வந்த பழைய தகவல் தொழில்நுட்ப விதிகள் மருத்துவ விவரங்களை 'உணர்வுபூர்வமான தகவல்' என்று தனியாகப் பிரித்து, எழுத்தில் சம்மதம் கேட்டன. புதிய சட்டத்தில் அந்தத் தனிப் பிரிவு இல்லை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியமான பகுதிகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைத்தாளில் எழுதி டிராயருக்குள் போடும் ரிசல்ட் 'டிஜிட்டல்' கணக்கிலேயே வராது என்பது வேறு விஷயம்.

நிரந்தரத் தொழிலாளி என்றால் சார்ஜ் ஷீட், விசாரணை, லேபர் கோர்ட் என்று ஏதோ ஒரு பாதை இருக்கிறது. 1971 தீர்ப்பைக் காட்டி வாதாடவும் இடம் உண்டு. காண்டிராக்டர் அனுப்பிய ஆளுக்கு அதுவும் இல்லை. அவரை யாரும் டிஸ்மிஸ் செய்வது இல்லை, அதனால் எதிர்த்து வழக்குப் போட ஒரு உத்தரவும் கையில் இருக்காது. 'அந்த ஆள் வேண்டாம்' என்று காண்டிராக்டருக்கு ஒரு போன் போகும். மறுநாள் காலை வேனில் அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து வருவார்.